யாருக்காக எண்ணுகிறோம்?

(நூலகர் நாள் விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆகஸ்டு 12, நூலகர் நாள் வந்தால் நூலகவியல் முன்னோடி ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளையும் ஒப்பிக்கிறோம். அவருடைய கோலன் பகுப்புமுறை பற்றி ஒருவர் பேசுகிறார். பிறகு காபி. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை; காபியும் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்பதை மறந்துவிட்டோமோ என்று எனக்கு ஓர் ஐயம். சீர்காழியில் 1892-இல் பிறந்த அந்த மனிதர் அடிப்படையில் ஒரு கணக்கு வாத்தியார். மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவரை 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வேலை பிடிக்கவில்லை. கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து சொல்லும் என்று அனுப்பினார்கள். 1925-இல் திரும்பி வந்தவர் முழு நூலகராக வந்தார். ஆனால் கணக்கை விட்டுவிட்டு வரவில்லை.

1948-இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில், சிறப்பு நூலகங்களின் சங்கமான அஸ்லிப்பின் மாநாடு நடந்தது. பொருளியலுக்கு அளவியல் உண்டு, உயிரியலுக்கு உண்டு, உளவியலுக்கு உண்டு, நூலகப் பணிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அங்கே முன்மொழிந்தார் ரங்கநாதன். 'லைப்ராமெட்ரி' என்று அதற்குப் பெயரும் வைத்தார். இன்று ஆய்வாளர்கள் வாய்க்கு வாய் சொல்லும் 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்ற பெயர் ஆலன் பிரிச்சர்டு கொடுத்தது, அது 1969-இல். நம் ஊர்க்காரர் இருபது ஆண்டுகள் முந்திவிட்டார். 1962-இல் பெங்களூரில் அவர் தொடங்கிய பயிற்சி மையம் எந்த நிறுவனத்தின் கீழ் அமைந்தது தெரியுமா? மகலனோபிஸ் உருவாக்கிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ்! நூலகக் கல்வியும் புள்ளியியலும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. இன்றும் இருக்கின்றன.

அப்படிப்பட்டவரின் பெயரால் கூடியிருக்கும் இந்த அவையில் ஒரே ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். நாம் எண்ணுகிறோம். நாள் தவறாமல் எண்ணுகிறோம். யாருக்காக எண்ணுகிறோம்?

ஆண்டறிக்கைக்காக எண்ணுகிறோம். கல்லூரி நாள் விழாவில் முதல்வர் படிக்கும் அறிக்கையில் நூலகத்துக்கு நான்கு வரி உண்டு: மொத்த நூல்கள் இத்தனை, தலைப்புகள் இத்தனை, இதழ்கள் இத்தனை, இந்த ஆண்டு வாங்கியவை இத்தனை. கைதட்டுகிறோம். ஆய்வுக் குழுவுக்காக எண்ணுகிறோம். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் சுயமதிப்பீட்டு அறிக்கையில், ஒரு நாளைக்கு எத்தனை ஆசிரியர்களும் மாணவர்களும் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வி இருக்கிறது. கேள்வியில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வி வந்த பிறகு வருகைப் பதிவேட்டுக்கு என்ன ஆயிற்று? ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு, நாற்பது பெயர்கள். இப்படிப்பட்ட பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், நானும் சொல்லப்போவதில்லை.

அந்த நாற்பது பெயர்களைக் கொண்டு ஒரு முடிவாவது எடுக்க முடியுமா? இன்னொரு மின்விசிறி மாட்ட வேண்டுமா, வேண்டாமா என்றுகூட முடிவு செய்ய முடியாது. பிறருக்குக் காட்டுவதற்காக எடுத்த எண்ணிக்கை பிறருக்குக் காட்டத்தான் உதவும். என் கட்சி இதுதான்: முடிவு முதலில், எண்ணிக்கை பிறகு. எதை முடிவு செய்யப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு எண்ணத் தொடங்கினால், பாதி எண்ணிக்கைகள் தேவையில்லை என்று தெரியும். இதுவரை எண்ணாத சிலவற்றை எண்ணியே ஆக வேண்டும் என்றும் தெரியும்.

எல்லாக் கல்லூரியிலும் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். வணிகவியல் இரண்டாம் ஆண்டில் 60 மாணவர்கள். காஸ்ட் அக்கவுண்டிங் பாடநூல் நூலகத்தில் ஐந்து படிகள். துறைத்தலைவர் வருகிறார். "புக்கே கிடைக்கலைன்னு பசங்க சொல்றாங்க சார், இன்னும் பத்து காப்பி வாங்கிப் போடுங்க" என்கிறார். நாம் என்ன செய்கிறோம்? பணம் இருந்தால் வாங்குகிறோம். இல்லாவிட்டால் அடுத்த நிதியாண்டைக் காட்டுகிறோம். இரண்டுமே முடிவுகள்தாம். இரண்டிலும் கணக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பருவத்துக்கு 90 நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 15 நாள் தவணை. அப்படியானால் ஒரு படி ஒரு பருவத்தில் ஆறு பேர் கைக்குப் போகும். ஐந்து படிகளும் சேர்ந்து முப்பது பேர். வகுப்பில் பாதிப் பேருக்கு நூல் கிடைக்காது. அதுதான் துறைத்தலைவர் காதில் விழுந்த புகார். இப்போது தவணையை ஏழு நாளாக்குங்கள். ஒரு படி பன்னிரண்டு பேர் கைக்குப் போகும். ஐந்து படிகள், அறுபது பேர். முழு வகுப்பு! எத்தனை ரூபாய் செலவு? ஒரு ரூபாயும் இல்லை.

நடைமுறை இவ்வளவு சுத்தமாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். சொன்ன நாளில் யாரும் திருப்பித் தருவதில்லை. திரும்பி வந்த அன்றே அடுத்தவர் எடுப்பதில்லை. தேர்வுக்கு முந்திய வாரம் அறுபது பேரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். அதனால் ஒன்றிரண்டு படிகள் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கலாம். இருக்கட்டும். பத்துப் படி வாங்குவதும், தவணையைக் குறைத்து இரண்டு படி வாங்குவதும் ஒன்றா? மிச்சமான எட்டுப் படிகளின் பணத்தில் எட்டு வேறு நூல்கள் வரும். இதை முடிவு செய்ய என்ன எண்ணிக்கை வேண்டும்? நூலகத்தின் மொத்த நூல் வழங்கல் வேண்டாம். அந்த ஒரு நூலின் ஒவ்வொரு படியும் பருவத்தில் எத்தனை முறை வெளியே போனது, ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் வெளியே இருந்தது என்ற இரண்டும் போதும். கோஹாவோ சோலோ போன்ற நூலக மென்பொருள் வைத்திருப்பவர்கள் அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வட இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் 1964-இல் தொடங்கியது. புதிய பல்கலைக்கழகம், நூல்கள் குறைவு, மாணவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். மைக்கேல் பக்லண்டும் அவரோடு பணியாற்றியவர்களும் அறுபதுகளின் கடைசியில் அங்கே ஓர் ஆய்வு செய்தார்கள். எந்த நூலுக்கு எவ்வளவு தேவை, எத்தனை படிகள், எவ்வளவு நாள் தவணை என்ற மூன்றையும் இணைத்துக் கணக்கிட்டார்கள். அதிகம் கேட்கப்படும் நூல்களுக்குக் குறுகிய தவணை, மற்றவற்றுக்கு நீண்ட தவணை என்று மாற்றினார்கள். என்ன நடந்தது? அலமாரிக்குப் போனவர்களுக்குத் தேடிய நூல் கிடைப்பது சட்டென்று உயர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவையானது. நூலகத்துக்குப் போனால் நூல் கிடைக்கிறது என்ற செய்தி வளாகத்தில் பரவியது. அதுவரை நூலகத்தைக் கைகழுவியிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். இரவல் மளமளவென்று ஏறியது. கேட்பவர்கள் கூடியதால் உயர்ந்த கிடைப்பு விழுக்காடு மறுபடி இறங்கத் தொடங்கியது.

இப்போது நீங்கள் அந்த நூலகர். ஆண்டு இறுதியில் நிர்வாகக் குழு கேட்கிறது: போன ஆண்டைவிடக் கிடைப்பு குறைந்திருக்கிறதே, உங்கள் திட்டம் தோற்றுவிட்டதா? என்ன பதில் சொல்வீர்கள்? அந்த ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இரவல் எண்ணிக்கையையும் கூடவே வைத்திருந்தால், எத்தனை மடங்கு பேர் படிக்கிறார்கள் பாருங்கள், இனி நிதியைக் கூட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு என்று நிமிர்ந்து சொல்லலாம். ஒற்றை எண்ணை நம்பி யாரும் மேலதிகாரி முன்னால் போகாதீர்கள். இளைய நூலகர்களுக்கு நான் தனியாக அழுத்திச் சொல்ல விரும்புவது இது.

கிடைப்பு என்றேனே, அதை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒரு மாணவி ஒரு நூலைத் தேடி வருகிறாள், வெறுங்கையோடு போகிறாள். ஏன்? நாம் அந்த நூலை வாங்கவே இல்லை என்பது ஒரு காரணம். வாங்கினோம், வேறொருவர் எடுத்துப்போயிருக்கிறார் என்பது இரண்டாவது. எவரும் எடுக்கவில்லை, ஆனால் இடம் மாறிக் கிடக்கிறது அல்லது பைண்டிங்கில் இருக்கிறது என்பது மூன்றாவது. எல்லாம் சரியாக இருக்கிறது, அவளுக்குத் தேடத் தெரியவில்லை என்பது நான்காவது. 1970-களில் அமெரிக்காவில் பால் கான்டர் என்பவர் இந்த நான்கையும் தனித்தனி வாயில்களாக வைத்து அளக்கும் முறையை உருவாக்கினார்.

ஒவ்வொரு வாயிலிலும் நாம் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதில் தொண்ணூறு விழுக்காடு வாங்கியிருக்கிறோம், வாங்கியதில் தொண்ணூறு விழுக்காடு உள்ளே இருக்கிறது, இருப்பதில் தொண்ணூறு விழுக்காடு அதனதன் இடத்தில் இருக்கிறது, அதிலும் தொண்ணூறு விழுக்காட்டை வாசகர் கண்டுபிடித்துவிடுகிறார். நல்ல மதிப்பெண்தானே? பெருக்கிப் பாருங்கள். 66 கூட வரவில்லை. மூன்றில் ஒருவர் வெறுங்கையோடு போகிறார்! யாரும் பெரிய தவறு செய்யாத நூலகத்திலேயே இந்த நிலை.

இதில் நிர்வாக முடிவு எங்கே இருக்கிறது? முதல் வாயிலைச் சரிசெய்யப் பணம் வேண்டும். இரண்டாவதற்குத் தவணை விதியை மாற்ற வேண்டும். மூன்றாவதற்கு, அலமாரியை ஒழுங்குபடுத்த ஓர் உதவியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். நான்காவதற்கு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வகுப்பு. எந்த வாயிலில் அதிகம் பேர் தடைபட்டுத் திரும்புகிறார்கள் என்று தெரியாமல் 'நிதி போதவில்லை' என்று எழுதிக்கொண்டே இருந்தால், முதல்வர் ஒரு கட்டத்துக்கு மேல் அந்தக் கடிதத்தைப் படிப்பதையே நிறுத்திவிடுவார். வந்தவர் கணக்கு நம்மிடம் இருக்கிறது. கிடைக்காமல் போனவர் கணக்கு எத்தனை பேரிடம் இருக்கிறது? வழங்கும் மேசையில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். நூலின் பெயர், கிடைக்காத காரணம், அவ்வளவுதான். மாணவர் பெயர் வேண்டாம். யார் என்ன தேடினார், யார் என்ன படித்தார் என்பது நமக்கு வேண்டாத விவரம். அதைச் சேர்த்து வைப்பது ஆபத்தும்கூட.

இனி, வெளியே போகாத நூல்களைப் பற்றி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆலன் கென்ட் தலைமையில் நடந்த ஆய்வு 1979-இல் நூலாக வந்தது. நூலக உலகில் இடி விழுந்தது போன்ற பரபரப்பு. அங்குள்ள ஹில்மன் நூலகத்துக்கு 1969-இல் வந்து சேர்ந்த நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்றது ஆய்வு. ஆறாண்டு போகாத நூல் இனிமேல் போவதற்கு ஐம்பதில் ஒரு வாய்ப்புதான் என்றும் சொன்னது. நிர்வாகிகள் சும்மா இருப்பார்களா? பணம் வீணாகிறது என்றார்கள். பிட்ஸ்பர்க் பேராசிரியர்கள் சும்மா இருப்பார்களா? நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பதை நீங்கள் சரியாக எண்ணவில்லை என்று திருப்பி அடித்தார்கள். இரவல் போன நூல்களைத்தான் பெரும்பாலும் உள்ளேயும் படிக்கிறார்கள் என்றது ஆய்வுக்குழு. அந்தச் சண்டை பல ஆண்டுகள் ஓடியது.

அந்தச் சண்டையில் நம் ஊருக்கு ஒரு பாடம் இருக்கிறது. இளங்கலை மாணவருக்கு நாம் இரண்டு மூன்று நூல்களுக்கு மேல் கொடுப்பதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையில் வந்து உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருக்கிறார்கள். ரெஃபரன்ஸ் நூலை வெளியே விடுவதே இல்லை. அப்படியானால் நம் நூலகங்களில் உள்ளிருந்து படிப்பது இரவலைவிடக் கூடுதலாக இருக்கத்தானே வேண்டும்? அதை எண்ணுகிறோமா? மாலையில் மேசைமேல் குவிந்து கிடக்கும் நூல்களை உதவியாளர் வண்டியில் அள்ளிக்கொண்டு போய் அலமாரியில் செருகிவிடுகிறார். அதோடு அன்றைய வாசிப்பு தடயமில்லாமல் போய்விடுகிறது.

கோஹாவில் இதற்கு வசதி இருக்கிறது. இரவல் போகாத நூலைத் திரும்பப் பெறும் பக்கத்தில் பார்கோடு காட்டினால், உள்பயன்பாடு என்று பதிவாகும்படி அமைப்புகளில் ஒரு விருப்பத்தை மாற்றிவிடலாம். கணினி இல்லாதவர்கள் நூலின் பின்னட்டையில் உள்ள தேதிச் சீட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் போதும். அலமாரியில் செருகும் முன் ஒரு புள்ளி. வேறு செலவில்லை.

இந்தப் புள்ளி உங்கள் வேலைக்கே பாதுகாப்பு. எப்படி என்று கேட்பீர்கள். ஸ்டாக் வெரிஃபிகேஷன், அதாவது இருப்புச் சரிபார்ப்பு, என்ற சொல்லைக் கேட்டதும் இந்த அரங்கில் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்குகிறது என்று எனக்குத் தெரியும். தொலைந்த நூலுக்கு நூலகரின் பணிக்கொடையிலேயே கைவைத்துவிடுவார்களோ என்று அஞ்சி, அலமாரிக்குப் பூட்டுப் போட்டவர்கள் உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். ஓர் ஆண்டில் வழங்கிய அல்லது பார்வையிடப்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று அந்த விதி ஏற்றுக்கொள்கிறது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இவை நிபந்தனைகள்.

ஆயிரத்துக்கு ஐந்து. எந்த ஆயிரத்துக்கு? இருப்பில் உள்ள ஆயிரத்துக்கு இல்லை ஐயா, வழங்கியதும் பார்வையிட்டதும் சேர்ந்த ஆயிரத்துக்கு! ஆண்டுக்கு 12,000 இரவல் மட்டும் கணக்கில் வைத்திருக்கும் நூலகருக்கு 60 நூல்தான் சலுகை. அதே நூலகத்தில் 30,000 முறை உள்ளே எடுத்துப் படித்திருக்கிறார்கள் என்ற பதிவும் இருந்தால் மொத்தம் 42,000, சலுகை 210. தொலைந்த நூல்கள் அதே எண்ணிக்கைதான். ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், மற்றவர் நிம்மதியாக இருப்பார். நடுவில் இருப்பது அந்தப் பென்சில் புள்ளி. உங்கள் கல்லூரிக்கு எந்த விதி பொருந்தும் என்பதை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாநில அரசின் கீழ் உள்ளவர்கள் தங்கள் ஆணைகளைப் பார்க்க வேண்டும்.

அதே விதியில் இன்னொரு நல்ல செய்தி. 20,000 நூல்கள் வரை இருந்தால் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் இருந்தால் மூன்றாண்டுக்கு மிகாத இடைவெளியில் மாதிரிச் சரிபார்ப்பே போதும்; நிலைமை சரியில்லை என்று தெரிந்தால்தான் முழுதும் எண்ண வேண்டும். அரசு விதியே புள்ளியியலை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்கள் ஆண்டாண்டாகச் சொல்வதுதான். ஆனால் கரண்டியை விட்டுக் கிளறாமல் மேலாக இருக்கும் சோற்றை எடுத்து நசுக்கினால் அடிப்பிடித்தது தெரியாது. மாதிரி எடுப்பதிலும் அப்படியே. கண்ணுக்கு எதிரே இருக்கும் ரேக்கில் 400 நூலைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதக்கூடாது. சேர்க்கைப் பதிவேட்டு எண்களிலிருந்து 400 எண்களைக் கணினியில் குலுக்கி எடுங்கள். அப்படி எடுத்தால், கிடைக்கும் விழுக்காடு உண்மையிலிருந்து ஐந்து புள்ளிக்கு மேல் விலகாது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு சொல்லலாம். நூலகத்தில் 50,000 நூல்கள் இருந்தாலும் சரி, ஐந்து இலட்சம் இருந்தாலும் சரி, ஏறத்தாழ அதே 400 போதும். பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். புள்ளியியல் துறையில் உங்கள் நண்பர் இருந்தால் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது, சிலவற்றை விரைவாகச் சொல்கிறேன்.

நூலக நேரம். ஒரு நாளைக்கு 400 பேர் வந்தார்கள் என்பது ஆண்டறிக்கைக்கு. எந்த மணிக்கு எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பது முடிவுக்கு. கல்லூரிப் பேருந்துகள் நாலரைக்குக் கிளம்பிவிடும் ஊரில், இரவு எட்டு வரை திறந்து வைப்பது விடுதி மாணவர்களுக்குத்தான் பயன்படும். அப்படியானால் விடுதி மாணவரைத் தனியாக எண்ண வேண்டும். இன்னொன்று: ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு, ஐந்து மணிக்கு மேல் யாரும் வருவதில்லை, பதிவேட்டைப் பாருங்கள் என்று சொல்லக்கூடாது. பூட்டிய கதவை யார் பதிவு செய்வார்? ஒரு மாதம் திறந்து வைத்து எண்ணிவிட்டுப் பேசுங்கள்.

இதழ்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் இருந்த பிராட்ஃபோர்டு 1934-இல் பயன்பாட்டுப் புவி இயற்பியல் பற்றிய கட்டுரைகள் எந்தெந்த இதழ்களில் வந்தன என்று எண்ணினார். வெறும் 9 இதழ்களில் 429 கட்டுரைகள். அடுத்த 59 இதழ்களில் 499. மிச்சம் 404 கட்டுரைகள் 258 இதழ்களில் சிதறிக் கிடந்தன. ஒன்பது இதழை வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு கையில் வந்துவிடும், கடைசி மூன்றில் ஒரு பங்கை வாங்கப் பணம் போதவே போதாது, பக்கத்து நூலகத்தில்தான் கேட்டுப் பெற வேண்டும் என்பது இதன் பொருள். டெல்நெட் போன்ற நூலகக் கூட்டமைப்புகளின் அடிப்படையே இந்தக் கணக்குதான்.

இப்போது மின்னிதழ்கள் காலம். பதிப்பகங்கள் தரும் பதிவிறக்கக் கணக்கு ஒன்றோடொன்று ஒப்பிடும்படி இருக்க வேண்டும் என்பதற்காக 2002-இல் கவுன்டர் என்ற முயற்சி தொடங்கி, ஒரு பொது நெறிமுறை உருவானது. முப்பது நொடிக்குள் ஒரே கட்டுரையை இரண்டு முறை அழுத்தினால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்பதுவரை அதில் விதி உண்டு. பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதி வண்ண வண்ணமாக வரைபடம் காட்டினால், கவுன்டர் அறிக்கையைக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், ஏறத்தாழ 1.8 கோடிப் பேர். வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய் சொச்சம். மலிவாகத் தெரிகிறது அல்லவா? சராசரி செய்யும் வேலை அது. ஒரு நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஆயிரம் கட்டுரை இறக்கியிருப்பார்கள், ஒரு சிற்றூர் அரசுக் கல்லூரியில் கடவுச்சொல்லே யாருக்கும் தெரிந்திருக்காது. சராசரியில் இரண்டும் ஒன்று. உங்கள் கல்லூரிக்கு இந்த வசதி இருந்தால் உங்கள் கல்லூரியின் கணக்கை, துறைவாரியாக, நீங்களே எடுங்கள். ஒரு துறையில் பூஜ்யம் என்று வந்தால் அந்தத் துறைக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுங்கள். முடிவு அவ்வளவு எளிது.

கடைசியாக, பூஜ்யத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இருபது ஆண்டாக யாரும் தொடாத நூல்களின் பட்டியலைக் கணினி ஒரு நொடியில் தரும். டிரூஸ்வெல் என்ற ஆய்வாளர் 1969-லேயே சொல்லிவிட்டார், 20 விழுக்காடு நூல்கள்தாம் 80 விழுக்காடு இரவலைச் சுமக்கின்றன என்று. மிச்சத்தைக் கழித்துக்கட்டினால் இடம் கிடைக்குமே என்று தோன்றும். நானும் கழிவுக்கு எதிரி இல்லை. பாடத்திட்டம் மாறிப் பல ஆண்டான கணினிப் பாடநூலின் முப்பது படிகள் யாருக்கு? ஆனால் அதே பட்டியலில், அதே பூஜ்யத்தோடு, உ.வே.சா. 1887-இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியின் முதற்பதிப்பும் இருக்கலாம். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்தவற்றில் எத்தனை அச்சுப்படிகள் வேறு எங்கும் கிடைக்காதவை! அவர் இரவல் எண்ணிக்கை பார்த்துச் சேர்த்திருந்தால் சென்னையில் இன்று அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நூலகம் இருந்திருக்குமா? கணினி தரும் பட்டியலைத் தமிழாசிரியர் ஒருவரும் துறை ஆசிரியர் ஒருவரும் கண்ணால் பார்க்காமல் ஒரு நூலும் வெளியே போகக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

நண்பர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இந்தக் கல்வியாண்டில் ஒரே ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள். தவணையா, நேரமா, இதழா, கழிவா, எதுவாகவும் இருக்கட்டும். அதற்கு வேண்டிய எண்ணிக்கையை மட்டும் ஒரு பருவம் முழுதும் ஒழுங்காக எடுங்கள். பருவத் தொடக்கத்தில் ஒரு வாரம், நடுவில் ஒரு வாரம், தேர்வுக்கு முன் ஒரு வாரம் எடுத்தாலும் போதும். விடுமுறை மாதத்தோடு தேர்வு மாதத்தை ஒப்பிடாமல் இருந்தால் சரி. முதல்வர் அறைக்குப் போகும்போது ஒரு பக்கத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். என்ன கேட்கிறோம், எந்தக் கணக்கின்மேல் கேட்கிறோம், செய்தால் எத்தனை மாணவருக்குப் பயன் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு இந்த மேடையில் என்னைப் போல் ஒருவரை மணிக்கணக்கில் பேசவிட வேண்டாம். உங்களில் நான்கு பேர் ஏறி, எதை எண்ணினோம், எதை மாற்றினோம், என்ன ஆயிற்று என்று ஆளுக்குப் பத்து நிமிடம் சொல்லுங்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்கிறேன்.